கார்டு போகவில்லை, பல் பொருந்தவில்லை: கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திரை ஏன் கறுத்துப் போகிறது?

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம் எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம், திரையில் படம் காட்டத் தனியாகச் செருகிய ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"தம்பி, நேத்து ராத்திரி அப்டேட் கேட்டுச்சு, சரின்னு குடுத்துட்டேன். இப்ப ஸ்கிரீன் கருப்பா நிக்குது. கார்டு போயிருச்சுங்களா?"

"ஆன் பண்ணினதும் கம்பெனி லோகோ தெரியுதாண்ணா?"

"தெரியுது. அப்புறம்தான் கருத்துப்போகுது."

"அப்படின்னா கார்டு நல்லாத்தான் இருக்கு. யாரையும் தொட விடாதீங்க, வர்றேன்."

நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று தீர்ப்புகள் வந்திருந்தன. பக்கத்து டீக்கடையில், மழை ஈரத்தில் கார்டு பூஞ்சை பிடித்துவிட்டது என்றார்கள். அவருடைய மைத்துனர், லினக்ஸே அப்படித்தான், விண்டோஸ் போட்டுவிடலாம் என்றார். கோயம்புத்தூரில் தெரிந்த ஒருவர், கொண்டு வாருங்கள், ஃபார்மட் அடித்துவிடலாம் என்றாராம். மூன்றும் தப்பு. மூன்றாவதைக் கேட்டிருந்தால் இரண்டு வருட ஆல்பங்களும் போயிருக்கும்.

"கர்னல் அப்டேட் கார்டைக் கெடுத்துவிட்டது" என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அங்கே எதுவும் கெட்டிருக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

கல்லாறு தாண்டினால் பல் வேண்டும்

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் கல்லாறு வரை மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கிவிடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பட்டையைக் கடித்துக்கொண்டுதான், 12 அடி போனால் 1 அடி ஏறும் சரிவில் குன்னூர் வரை வருகிறது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பல் தேவையில்லை, டீசல் இன்ஜினே கொண்டுபோய்விடும்.

இப்போது ஒரு ராத்திரியில் யாரோ வந்து பட்டையை எடுத்துவிட்டு, பல்லுக்குப் பல் இடைவெளி அரை விரல் கூடுதலாக இருக்கும் புதுப் பட்டையைப் போட்டுவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இன்ஜின் ஏறாது. கொதிகலனில் ஆவி நிறைய இருக்கிறது, பட்டையோ பழையதைவிட உறுதியானது. இரண்டும் நன்றாக இருந்தும் வண்டி நிற்கிறது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். பட்டை என்று நான் சொல்வது கர்னல். இயங்குதளத்தின் உட்கரு அது. பிரவுசரோ போட்டோ எடிட்டரோ திரையையும் டிஸ்க்கையும் நேராகத் தொடுவதில்லை, எல்லாம் கர்னலைக் கேட்டுத்தான் நடக்கும். லினக்ஸ் என்பதே கண்டிப்பாகப் பார்த்தால் இந்தக் கர்னலின் பெயர்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது. அதன் மேல் மற்ற மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவை உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவை.

இன்ஜின், உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு. நடுவில் கடிக்கும் பல்சக்கரம்தான் டிரைவர். ஒரு குறிப்பிட்ட கருவியோடு எப்படிப் பேசுவது என்று கர்னலுக்குத் தெரியவைக்கும் நிரல் அது. பெரும்பாலான டிரைவர்கள் கர்னலோடு ஒட்டிப் பிறப்பதில்லை, தனிக் கோப்பாக இருந்து தேவைப்படும்போது உள்ளே ஏற்றப்படும். அப்படி ஏற்றப்படும் துண்டுக்கு மாட்யூல் என்று பெயர்.

இங்கேதான் பலர் கோட்டைவிடுவது. ஒவ்வொரு கர்னல் பதிப்புக்கும் டிஸ்க்கில் தனி ஃபோல்டர் உண்டு. அந்தப் பதிப்புக்கான மாட்யூல்கள் அதற்குள்தான் இருக்கும். ஒவ்வொரு மாட்யூலிலும் "நான் இந்தக் கர்னலுக்காகச் செய்யப்பட்டவன்" என்று ஒரு முத்திரை பதிந்திருக்கும். புதுக் கர்னல் வந்தால் புது ஃபோல்டர். பழைய ஃபோல்டரில் இருந்த பல்சக்கரம் தானாக இங்கே நடந்து வராது. நாமே தூக்கிவந்து போட்டாலும் முத்திரை பொருந்தவில்லை என்று கர்னல் திருப்பி அனுப்பிவிடும்.

ஆக, அப்டேட்டில் கார்டு மாறவில்லை. அது கடித்துக்கொண்டிருந்த பட்டை மாறியது. புதுப் பட்டைக்கு ஏற்ற சக்கரம் இன்னும் செய்யப்படவில்லை.

கர்னல் ஏன் பல்லை மாற்றிக்கொண்டே இருக்கிறது?

மலை ரயிலில் அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இன்ஜினும், பின்னால் திருச்சி பொன்மலையில் செய்த இன்ஜினும் ஒரே பட்டையில்தான் ஏறுகின்றன. 1899இல் குன்னூர் வரை ரயில் வந்த பாதை. அதே போலக் கர்னலும் ஓர் அளவை முடிவுசெய்து அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும்.

கர்னலுக்கு இரண்டு முகம் உண்டு. நாம் பயன்படுத்தும் மென்பொருள்களைப் பார்த்திருக்கும் வெளிமுகத்தில் அது படு கண்டிப்பு. நேற்று ஓடிய மென்பொருள் புதுக் கர்னலிலும் ஓடியாக வேண்டும். இதை மீறும் மாற்றத்தை டோர்வால்ட்ஸ் விடமாட்டார், கொண்டுவந்தவருக்குத் திட்டும் விழும். டிரைவர்களைப் பார்த்திருக்கும் உள்முகத்தில் அப்படி எந்த வாக்குறுதியும் கிடையாது. பழைய ஏற்பாடு ஒன்றில் ஓட்டை இருந்தாலோ, மெதுவாக இருந்தாலோ, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். 9, 10 வாரத்துக்கு ஒரு புதுக் கர்னல் வெளியாகிறது. உள்ளே எத்தனை பற்கள் இடம் மாறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

இதில் சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை. டிரைவர்களின் மூலநிரலும் (எழுதியவரின் அசல் வரிகள்) கர்னலோடு ஒரே இடத்தில் இருந்தால், பல்லை மாற்றுகிறவரே எல்லாச் சக்கரங்களையும் கையோடு மாற்றிவிடலாம். இன்டெல்லின் ஐ915, ஏஎம்டியின் ஏஎம்டிஜிபியு இரண்டும் அப்படி உள்ளேயே இருப்பவை. அதனால்தான் சாதாரண இன்டெல் லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரையின் பெயரே விளங்காது. அவருக்கும் எப்போதாவது புதுக் கர்னலில் பிழை புகுந்து திரை மினுக்கும், ஆனால் அது வேறு வகை நோய்.

சிக்கல் வெளி டிரைவர்களுக்குத்தான். கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா நிறுவனம் தன் டிரைவரைக் கர்னலுக்கு வெளியே, தானே தனியாகத் தயாரித்துத் தருகிறது. நெடுங்காலம் மூலநிரல் மூடியே இருந்தது. 2012இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில், டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது இந்த எரிச்சலில்தான். 2022 மே மாதம் அந்த நிறுவனம் கர்னலில் ஏறும் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஆனால் அது 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டும்தான். திறந்த பிறகும் அது கர்னலோடு சேர்ந்துவிடவில்லை, இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது. நியாயமாகச் சொன்னால் இரண்டு பக்கமும் அவரவர் வேலையை அவரவர் வசதிப்படி செய்கிறார்கள், நடுவில் என்விடியா கார்டு வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

லேத் பட்டறையும் அளவுச் சீட்டும்

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நாமே உட்கார்ந்து சக்கரம் கடைய முடியுமா? அதற்காகத்தான் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் டிகேஎம்எஸ். டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொடங்கிய கருவி. புதுக் கர்னல் நிறுவப்படும்போது இது விழித்துக்கொண்டு, வெளி டிரைவரின் நிரலை எடுத்து, புதுப் பட்டைக்கு ஏற்றபடி ஒரு மாட்யூலைக் கடைந்து, புது ஃபோல்டரில் வைத்துவிடும். நன்றாக நடந்தால் நமக்கு ஒன்றுமே தெரியாது. அப்டேட் கொஞ்சம் அதிக நேரம் எடுத்ததாகத் தோன்றும், அவ்வளவுதான்.

கடைகிறவருக்கு அளவு வேண்டும் இல்லையா? பல் எவ்வளவு அகலம், இடைவெளி எவ்வளவு? அந்த அளவுச் சீட்டுக்கு ஹெடர் கோப்புகள் என்று பெயர். கர்னலின் உள்முகம் எப்படி இருக்கிறது என்ற விவரம் மட்டும் அதில் இருக்கும். கர்னல் ஓடுவதற்கு இவை தேவையே இல்லை. அதனால் கர்னல் இறங்கி, ஹெடர் இறங்காமல் போவது சாதாரணமாக நடக்கிறது. அப்போது பட்டறை திறக்கும், அளவில்லாமல் மூடிவிடும். "ஹெடர் கிடைக்கவில்லை" என்று ஓடும் நூறு வரிகளுக்கு நடுவே ஒரு வரி வந்துபோகும். யார் பார்த்தார்கள்? அப்டேட் முடிந்தது என்று கடைசியில் வருவதைத்தான் நாம் படிக்கிறோம்.

குன்னூரில் நடந்தது இதுதான். முதலில் நிறுவிக் கொடுத்தவர், அன்றைக்கு இருந்த ஒரே ஒரு கர்னல் பதிப்புக்கான ஹெடரை மட்டும் போட்டிருந்தார். கர்னல் எந்தப் பதிப்புக்குப் போனாலும் அதன் ஹெடரைக் கூடவே இழுத்துவரும் பொதுத் தொகுப்பு ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டார். நம்மவரும் இரண்டு வருடமாக அப்டேட் கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்ற பட்டனையே அழுத்திக்கொண்டிருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. அன்று ராத்திரிதான் முதல்முறையாகச் சரி என்றிருக்கிறார்.

மலையில் இது கெட்டுப்போக இன்னொரு வழியும் உண்டு. காற்று மழைக்கு ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் போய்விடும். டிகேஎம்எஸ் பாதி கடைந்துகொண்டிருக்கும்போது அணைந்தால் அரைகுறைச் சக்கரம்தான் மிஞ்சும். யூபிஎஸ் இல்லாத வீட்டில், கார்த்திகை மாதத்துச் சாயங்காலத்தில் கர்னல் அப்டேட் கொடுப்பதைப் போன்ற வேண்டாத வேலை வேறில்லை.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: கர்னல் பட்டை, மாட்யூல் சக்கரம், டிகேஎம்எஸ் அதைக் கடையும் பட்டறை, ஹெடர் அளவுச் சீட்டு. நான்கில் ஒன்று தவறினாலும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றுதான், கறுப்புத் திரை. அதனால்தான் திரையைப் பார்த்து நோயைச் சொல்ல முடிவதில்லை.

செக் போஸ்ட்டில் இ-பாஸ்

சக்கரம் ஒழுங்காகக் கடையப்பட்டும் வேலை செய்யாத இடம் ஒன்று இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது தெரிந்ததே. கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ நிறுத்திப் பார்ப்பார்கள். டிஎன் 43 என்று நம்பர் பிளேட் இருந்தால் பேசாமல் விட்டுவிடுவார்கள்.

செக்யூர் பூட் என்பது அந்த செக் போஸ்ட். கம்ப்யூட்டர் கிளம்பும்போது, நம்பிக்கையான கையெழுத்து இருக்கும் நிரலை மட்டுமே உள்ளே விடும் பாதுகாப்பு ஏற்பாடு. கர்னலோடு வரும் மாட்யூல்களுக்கு உபுண்டுவோ டெபியனோ கையெழுத்துப் போட்டே அனுப்புகிறது. அவை டிஎன் 43. உங்கள் வீட்டுப் பட்டறையில் ராத்திரி கடைந்த மாட்யூலுக்கு அந்தக் கையெழுத்து கிடையாது. அதற்கு உங்கள் கம்ப்யூட்டரே ஒரு சாவி உண்டாக்கி, அதைக் கொண்டு கையெழுத்திட்டு, "இந்தச் சாவியை நம்பலாம்" என்று உங்களையே ஒருமுறை ஒப்புக்கொள்ளச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை ஒன்று வந்து, முன்பு வைத்த பாஸ்வேர்டைக் கேட்பது இதற்காகத்தான். அந்தத் திரை கொஞ்ச நேரமே நிற்கும். பலர் வைரஸ் என்று பயந்தோ, புரியாமலோ அதைத் தாண்டிவிடுகிறார்கள். பாஸ் எடுக்காத வண்டி செக் போஸ்ட்டிலேயே நின்றுவிடுகிறது.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், வேலை நடக்கும். ஆனால் இரண்டு நிமிடம் செலவழித்துச் சாவியைப் பதிந்துவிடுவதுதான் என் கட்சி.

லோகோ ஏன் தெரிந்தது?

நான் போனில் லோகோவைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இது. பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் இருக்கும் ஃபர்ம்வேர். கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் சின்ன நிரல். அது கார்டை எளிய முறையில் எழுப்பி, லோகோவைக் காட்டுகிறது. அதன் பிறகு கிரப் என்ற நிரல் எந்தக் கர்னலைக் கிளப்புவது என்று முடிவுசெய்கிறது. கர்னல் எழுந்து உண்மையான டிரைவரை ஏற்றும்போதுதான் திரை கைமாறுகிறது. கைமாறும் இடத்தில் கறுத்துப்போனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்று அர்த்தம். கார்டே முழுதாகச் செத்திருந்தால் லோகோவே வந்திருக்காது.

என்விடியா டிரைவர் ஏறாவிட்டால், கர்னலிலேயே இருக்கும் நூவோ என்ற திறந்த டிரைவர் வந்து கைகொடுக்கக் கூடாதா? கொடுக்கும், விட்டால். இரண்டும் ஒரே கார்டுக்கு அடித்துக்கொள்ளக் கூடாது என்று, என்விடியா டிரைவரை நிறுவும்போதே நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். மூத்தவன் வரவில்லை, இளையவனை வீட்டுக்குள் விடவில்லை. திரை அநாதையாக நிற்கிறது.

எல்லோருக்கும் கறுப்பே வரும் என்றும் இல்லை. சிலருக்குத் திரை வரும், ஆனால் எழுத்தெல்லாம் பெரிதாகிவிடும், ஜன்னலை இழுத்தால் தேன் ஊற்றினாற்போல் நகரும், ஃபேன் இரையும். கார்டு செய்ய வேண்டிய வேலையைப் பொது வேலைக்கான பிராசசர் தலையில் சுமந்துகொண்டிருக்கிறது. இன்னும் சிலருக்கு பாஸ்வேர்டு அடித்ததும் சுற்றிவந்து அதே இடத்தில் நிற்கும். இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கும் லேப்டாப்பில் சொந்தத் திரை ஒழுங்காக இருந்து, வெளியில் செருகிய மானிட்டர் மட்டும் செத்துக் கிடக்கலாம். பல லேப்டாப்களில் சொந்தத் திரை இன்டெல்லோடும், வெளி மானிட்டர் செருகும் துளை என்விடியாவோடும் இணைந்திருப்பதுதான் காரணம்.

அப்டேட் செய்த கையோடு, ரீஸ்டார்ட்டே செய்யாமல், விளையாட்டோ வீடியோ எடிட்டரோ திறக்க மறுத்தால் பதற வேண்டாம். கர்னலுக்குள் பழைய மாட்யூல் ஓடுகிறது, வெளியில் அதோடு பேசும் நூலகக் கோப்புகள் புதிதாகிவிட்டன. என்விடியாவில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

பழைய கர்னல் வீட்டிலேயே இருக்கிறது

உபுண்டு போன்றவற்றில் புதுக் கர்னலை நிறுவும்போது பழையதை அழிப்பதில்லை. முந்தைய பதிப்பும், அதன் ஃபோல்டரும், அதற்காகக் கடைந்த சக்கரமும் அப்படியே இருக்கும். ஃபார்மட் வேண்டாம் என்று நான் கத்துவது இதனால்தான்.

உபுண்டுவில் லோகோ வந்ததும் எஸ்கேப் பட்டனை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேர் உள்ள கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். படபடவென்று எஸ்கேப்பை அடித்தால் மெனுவையும் தாண்டி ஒரு கறுப்பு வரிக்குள் விழுந்துவிடுவீர்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெனுவில் இரண்டாவது வரி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அதைத் திறந்தால் முதலில் புதுக் கர்னல், அடுத்து அதன் ரெக்கவரி முறை, மூன்றாவதாகப் பழைய கர்னல். அந்த மூன்றாவது வரியில் என்டர்.

திரை வந்துவிட்டதா? நோய் எதுவென்று உறுதியாகிவிட்டது. இனி பொறுமையாக டிரைவரைச் சரிசெய்யலாம். எந்தக் கர்னல் ஓடுகிறது என்று பார்க்க டெர்மினலில் யூநேம் -ஆர் (uname -r) என்ற கட்டளை, டிகேஎம்எஸ் எந்தெந்தக் கர்னலுக்குக் கடைந்து வைத்திருக்கிறது என்று பார்க்க அதற்கே ஒரு ஸ்டேட்டஸ் கட்டளை. புதுக் கர்னலின் எண் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் ஹெடரைப் பாருங்கள். பட்டியலில் இருந்தும் திரை வரவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். பத்தில் எட்டுக்கு இந்த இரண்டில் ஒன்று என்பது என் அனுபவக் கணக்கு.

பழைய கர்னலும் வரவில்லையா? கிரப் மெனுவில் கர்னல் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். திரையின் அளவு மாற்றத்தில் கைவைக்காதே, ஃபர்ம்வேர் கொடுத்த எளிய படத்தை வைத்தே ஓட்டு என்று கர்னலுக்குச் சொல்வது அது. ஸ்டெப்னி டயர் மாதிரி. பட்டறை வரை போய்ச் சேரலாம், அதிலேயே ஊர் சுற்றக் கூடாது.

வயதான கார்டுகள்

எல்லாம் சரியாக இருந்தும் டிகேஎம்எஸ் தோற்கும் நிலை ஒன்று உண்டு. அளவுச் சீட்டு இருக்கிறது, பட்டறை ஓடுகிறது, ஆனால் டிரைவரின் நிரலே பழைய பல்லுக்காக எழுதியது. 2010 வாக்கில் வந்த ஃபெர்மி தலைமுறைக் கார்டுகளுக்குக் கடைசி டிரைவர் 390 வரிசை. 2022 முடிவோடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. கர்னலோ நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04, 5.15 கர்னலோடு வந்தது. டெஸ்க்டாப்பில் வழக்கமான அப்டேட்டுகள் வழியாகவே 2024க்குள் 6.8க்குப் போய்விட்டது. "நான் எதையும் மாற்றவில்லையே" என்பவர் பொய் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட கார்டை வைத்திருப்பவர், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் பழைய கர்னல் வரிசையிலேயே தங்கிவிடலாம். அல்லது என்விடியா டிரைவரை நீக்கிவிட்டு நூவோவுக்கு மாறலாம். பழைய கார்டில் போட்டோ வேலைக்கும் பில் போடுவதற்கும் அது போதும், விளையாட்டுக்குப் போதாது. தன் காசில் புதுக் கார்டு வாங்குபவர் கேட்டால், கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் கார்டாகப் பார்த்து வாங்கச் சொல்வேன்.

ஸ்டூடியோவில் பழைய கர்னலில் ஏறி, ஹெடரின் பொதுத் தொகுப்பை இறக்கினேன். மழையில் நெட் இரண்டு முறை அறுந்தது. டிகேஎம்எஸ் கடைந்து முடிக்கும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரீஸ்டார்ட் செய்தபோது லோகோ வந்தது, ஒரு நொடி கறுத்தது, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் டெஸ்க்டாப் வந்தது. வெளியே பாஸ்போர்ட் போட்டோவுக்கு இரண்டு பேர் குடையோடு நின்றிருந்தார்கள்.

இப்போது அவருடைய மானிட்டரின் அடிச்சட்டத்தில் லேமினேட் செய்த ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "லோகோ வந்ததும் எஸ்கேப் ஒரு தரம். ரெண்டாவது வரி. உள்ள மூணாவது வரி." அதற்குக் கீழே என்னுடைய போன் நம்பர் இருந்தது. அதை நான்தான் கிழித்துவிட்டேன்.